ஆர்வலர் மின்வண்டிகளில் மின்னழுத்த உயர்த்தல்

ஆர்வலர் மின்வண்டிகளில் மின்னழுத்த உயர்த்தல் என்பது, குறிப்பிட்ட ஒரு மின்னழுத்தத்துக்காகச் செய்யப்பட்ட மோட்டார் கட்டுப்படுத்தியை அதைவிடக் கூடுதல் மின்னழுத்தம் கொண்ட மின்கல அடுக்குடன் இயக்குவதையும், அதற்கேற்பக் கட்டுப்படுத்தியின் உறுப்புகளை மாற்றியமைப்பதையும் குறிக்கும். 1960களில் அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகைகளில் பெட்ரோல் கார்களை மின்காராக மாற்றியவர்களிடம் தொடங்கிய இந்தப் பழக்கம், பின்னர் இழுவைப் பந்தயக் கார்களுக்கும், 2000களில் மின்மிதிவண்டிகளுக்கும் பரவியது. சில பத்து வோல்ட்டுகளில் தொடங்கிய ஆர்வலர் வண்டிகள் நாற்பது ஆண்டுகளில் 300 வோல்ட்டைக் கடந்தன. இந்த வளர்ச்சியின் ஒவ்வொரு படியிலும் கட்டுப்படுத்தியின் வெவ்வேறு உறுப்பு எல்லையாக நின்றது. அந்த எல்லையை அறியாமல் கடந்தவர்கள் கருவிகளை இழந்தனர்; சில வகைப் பழுதுகள் உயிருக்கும் ஆபத்தானவை.

காரணங்கள்

மோட்டாருக்குச் செல்லும் திறன், மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் கிடைப்பது. 72 வோல்ட்டில் 200 ஆம்பியர் செலுத்தினாலும், 144 வோல்ட்டில் 100 ஆம்பியர் செலுத்தினாலும் கிடைப்பது அதே 14.4 கிலோவாட்தான். ஆனால் கம்பிகளிலும் இணைப்புகளிலும் வெப்பமாக வீணாகும் திறன் மின்னோட்டத்தின் இருமடியைச் சார்ந்தது. எனவே மின்னோட்டம் பாதியானால் அந்த இழப்பு கால்பங்காகக் குறைகிறது. ஈய அமில பேட்டரிகளில் இன்னொரு நன்மையும் உண்டு. அவற்றிலிருந்து மின்னோட்டத்தைக் குறைவாக எடுத்தால் கிடைக்கும் மொத்தக் கொள்ளளவு கூடும்.

இரண்டாவது காரணம் வேகம். நேர்மின் மோட்டார் சுழலும்போது தானே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. வேகம் கூடக்கூட அதுவும் கூடி, அடுக்கின் மின்னழுத்தத்தை நெருங்கும்போது மோட்டாருக்குள் மேலும் மின்னோட்டத்தைத் தள்ள இயலாமல் போகிறது. அடுக்கின் மின்னழுத்தத்தை உயர்த்தினால் இந்த உச்சவரம்பும் உயர்கிறது. ஆனால் காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக வளர்வதால், வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். மின்னழுத்தத்தை இருமடங்காக்கியவர்கள் இருமடங்கு வேகத்தைப் பெறாமல் போனது இதனால்தான்.

மூன்றாவது காரணம் பணம். ஏற்கெனவே கையில் இருக்கும் கட்டுப்படுத்தியுடன் இன்னும் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைப்பது, பெரிய கட்டுப்படுத்தி வாங்குவதைவிட மலிவாகத் தோன்றியது.

காண்டாக்டர் காலம்

வால்டர் லாஸ்கி 1967-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் மின்வாகனச் சங்கத்தைத் தொடங்கினார். அக்கால ஆர்வலர்களுக்கு மின்காருக்கென்று செய்யப்பட்ட மோட்டார்கள் கிடைக்கவில்லை. இராணுவ உபரிச் சந்தையில் மலிவாகக் கிடைத்த விமான ஜெனரேட்டர்களையும் தொடக்கி மோட்டார்களையும் அவர்கள் பயன்படுத்தினர். இவை 24 முதல் 30 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டவை. காரை நகர்த்த அது போதாது என்பதால், குறிப்பிட்ட அளவுக்கு மேலான மின்னழுத்தத்தில் இயக்குவது தொடக்கம் முதலே வழக்கமாயிற்று.

அன்றைய கட்டுப்பாட்டு முறையில் மின்னணு உறுப்புகள் ஏதும் இல்லை. பேட்டரிகளை முதலில் பக்க இணைப்பிலும் பிறகு தொடர் இணைப்பிலும் மாற்றும் காண்டாக்டர்களும், புறப்படும்போது மின்னோட்டத்தைக் குறைக்கும் கனத்த மின்தடைகளுமே கட்டுப்படுத்தியாக இருந்தன. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் செப்ரிங் வான்கார்ட் நிறுவனம் புளோரிடாவில் தயாரித்த சிட்டிகார் என்னும் சிறிய மின்காரும் இந்த முறையையே பயன்படுத்தியது. அதன் பிற்கால வடிவங்களில் எட்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருந்தன. மிதிகட்டையை முழுவதும் அழுத்தினால் அவை தொடராக இணைந்து 48 வோல்ட் தந்தன.

இம்முறையில் மின்னழுத்தத்தை உயர்த்துவது எளிதாகத் தெரிந்தது. எரிந்துபோக மின்னணு உறுப்பு ஏதும் இல்லையே என்று எண்ணினர். ஆனால் எல்லை வேறு இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று, காண்டாக்டரின் முனைகள். வீட்டு மாறுமின்னோட்டம் ஒரு வினாடியில் பலமுறை சுழியைத் தொடுவதால், முனைகள் விலகும்போது எழும் மின்வில் தானே அணைந்துவிடும். நேர்மின்னோட்டத்தில் அத்தகைய இடைவெளி இல்லை. மின்னழுத்தம் கூடும்போது வில் நீண்டு, முனைகளை உருக்கி ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. இரண்டாவது, மோட்டாரின் திசைமாற்றி. மின்னழுத்தம் கூடும்போது கார்பன் பிரஷ்களின் அடியில் தீப்பொறி பெருகி, ஒரு பிரஷிலிருந்து அடுத்த பிரஷ் வரை திசைமாற்றியைச் சுற்றித் தீவளையமாகப் பாயும். இதைத் தவிர்க்க, பிரஷ் தாங்கியைச் சுழலும் திசைக்கு எதிராகச் சில பாகைகள் திருப்பி வைக்கும் முறை ஆர்வலர்களிடையே பரவியது. அவ்வாறு திருப்பிய மோட்டார் ஒரு திசையில் நன்றாகவும் மறுதிசையில் மோசமாகவும் ஓடும்.

தைரிஸ்டரும் மாஸ்ஃபெட்டும்

1970களில் ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள் சரக்குத் தூக்கி வண்டிகளுக்காகச் செய்த தைரிஸ்டர் கட்டுப்படுத்திகள் ஆர்வலர்களின் கைக்கும் வந்தன. இவை மின்னோட்டத்தை வினாடிக்குப் பல நூறு முறை வெட்டி, வெட்டும் அகலத்தை மாற்றுவதன் மூலம் வேகத்தைக் கட்டுப்படுத்தின. தைரிஸ்டரை ஒருமுறை இயக்கிவிட்டால் அது தானாக அணையாது. அதை அணைக்க ஒரு மின்தேக்கியிலிருந்து எதிர்த்துடிப்பு வர வேண்டும். அந்தத் துடிப்பு போதாமல் போனால் மோட்டாருக்கு முழு மின்னழுத்தமும் தடையின்றிச் செல்லும். அணைக்கும் சுற்று ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் அளந்து செய்யப்பட்டிருந்ததால், இவ்வகைக் கட்டுப்படுத்திகளில் கூடுதல் பேட்டரி சேர்ப்பது ஆபத்தாக இருந்தது.

1970களின் இறுதியில் திறன் மாஸ்ஃபெட்டுகள் சந்தைக்கு வந்தன. கட்டளை நின்றவுடன் அவை தாமே அணைந்தன. வினாடிக்குப் பல ஆயிரம் முறை இயங்கின. பல மாஸ்ஃபெட்டுகளைப் பக்க இணைப்பில் வைத்து நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கையாள முடிந்தது. இவற்றைக் கொண்டு செய்யப்பட்ட கர்டிஸ் நிறுவனக் கட்டுப்படுத்திகள் 1990களில் ஆர்வலர் கார்களின் பொதுத்தரம் ஆயின. அவற்றில் பரவலாக அறியப்பட்ட கர்டிஸ் 1231சி, 96 முதல் 144 வோல்ட் வரையிலும் 500 ஆம்பியர் வரையிலும் குறிக்கப்பட்டது. அக்காலத்தில் மாற்றியமைக்கப்பட்ட கார்களில் பெரும்பாலானவை 96, 120, 144 வோல்ட் என்னும் மூன்று அளவுகளில் ஒன்றில் நின்றதற்கு இதுவே காரணம். பாப் பிராண்ட் எழுதிய மின்வாகனக் கட்டுமான நூலில் எடுத்துக்காட்டாக வரும் ஃபோர்டு ரேஞ்சர் வண்டியும் இருபது 6 வோல்ட் பேட்டரிகள் கொண்ட 120 வோல்ட் வண்டியே.

இக்கட்டத்தில் ஆர்வலர்கள் கற்ற முதல் பாடம், பெயரளவு மின்னழுத்தமும் உண்மை மின்னழுத்தமும் ஒன்றல்ல என்பது. 144 வோல்ட் ஈய அமில அடுக்கில் 72 கலங்கள் உள்ளன. மின்னேற்றத்தின்போது ஒரு கலம் 2.4 வோல்ட்டை எட்டினால் மொத்தம் 172.8 வோல்ட் ஆகிறது. 144 என்று குறிக்கப்பட்ட கட்டுப்படுத்தி இதைத் தாங்குமாறு செய்யப்பட்டிருக்கும். ஆனால் அதன்மேல் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்தவர்களுக்கு, அந்த இடைவெளியைத் தாம் உண்டுவிட்டது தெரியவில்லை. மலைச்சரிவின் உச்சியில் வீடு உள்ளவர் முழு மின்னேற்றத்துடன் இறங்கும்போது மீளாக்கத் தடையைப் பயன்படுத்தினால் மின்னழுத்தம் மேலும் உயரும்.

இழுவைப் பந்தயங்கள்

கலிபோர்னியா மாநிலம் 1990-இல் புகையற்ற வண்டிகளுக்கான விதியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு சனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் காட்சிக்கு வைத்த இம்பாக்ட் கார் 320 வோல்ட்டில் இயங்கியது. அதன் மாற்றியை வடிவமைத்தவர் ஆலன் கோக்கோனி. அவர் பங்கேற்ற ஏசி புரொபல்ஷன் நிறுவனத்தின் டீசீரோ கார், இருபத்தெட்டு 12 வோல்ட் பேட்டரிகளுடன் 336 வோல்ட்டில் ஓடியது. உயர் மின்னழுத்தம் என்ன செய்யும் என்பதை இவை காட்டின. ஆனால் ஆர்வலர்களால் அவற்றின் விலையை எட்ட முடியவில்லை. அவர்களிடம் இருந்தவை பிரஷ் மோட்டார்களே.

1997-இல் அமெரிக்காவில் தேசிய மின்இழுவைப் பந்தயச் சங்கம் தோன்றியது. அதில் வண்டிகள் அடுக்கின் மின்னழுத்தத்தைக் கொண்டு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. பந்தயத்தின் தேவைக்காக உருவானவற்றுள் புகழ்பெற்றது, ஓட்மார் எபன்ஹோக் தம் கஃபே எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வழியாகச் செய்த சில்லா கட்டுப்படுத்தி. 1000 ஆம்பியர், 2000 ஆம்பியர் என்னும் இரு அளவுகளில் வந்த இது, வகையைப் பொறுத்து 156, 300, 348 வோல்ட் அடுக்குகளை ஏற்றது, நீரால் குளிர்விக்கப்பட்டது.

சில்லாவின் முக்கியத்துவம் அதன் பெரிய எண்களில் மட்டும் இல்லை. அடுக்கின் மின்னழுத்தமும் மோட்டாரின் மின்னழுத்தமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை அது நடைமுறையில் நிறுவியது. வெட்டுமுறைக் கட்டுப்படுத்தி ஒரு மின்மாற்றியைப் போல நடந்துகொள்கிறது. நேரத்தின் கால்பங்கு மட்டுமே இயங்கும் நிலையில், அடுக்கிலிருந்து 100 ஆம்பியர் எடுத்து மோட்டாருக்கு 400 ஆம்பியர் தரும். ஆகவே அடுக்கு 300 வோல்ட்டாக இருந்தாலும், மோட்டார் தாங்கும் மின்னழுத்தத்துக்குத் தனி வரம்பு வைக்கலாம். இரண்டு மோட்டார்கள் உள்ள வண்டியில் புறப்படும்போது அவற்றைத் தொடராகவும், வேகம் கூடியபின் பக்க இணைப்பாகவும் தானே மாற்றும் வசதியும் அதில் இருந்தது. தொடர் இணைப்பில் ஒவ்வொரு மோட்டாரும் பாதி மின்னழுத்தத்தையே காண்பதால் திசைமாற்றி காப்பாற்றப்பட்டது.

ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஜான் வேலண்ட், ஒயிட் ஸோம்பி எனப் பெயரிட்ட 1972 டாட்சன் 1200 காரில் சில்லாவைப் பயன்படுத்தினார். 2010-இல் ஏறத்தாழ 355 வோல்ட் லித்தியம் அடுக்குடன் அந்தக் கார் கால்மைல் தூரத்தை 10.258 வினாடியில் கடந்தது. மின்கார் என்றால் மந்தமான வண்டி என்ற பொதுக்கருத்தை மாற்றியதில் இத்தகைய பந்தயங்களுக்குப் பங்கு உண்டு.

மின்மிதிவண்டிகள்

2000களில் சீனத் தொழிற்சாலைகள் 36, 48 வோல்ட் மின்மிதிவண்டிக் கட்டுப்படுத்திகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கின. சக்கரத்தின் நடுவில் பொருத்தப்படும் பிரஷ் இல்லா மோட்டாரும் இந்தச் சிறிய அலுமினியப் பெட்டியும் உலகெங்கும் மலிவாகக் கிடைத்தன. லித்தியம் கலங்களும் எளிதில் கிடைத்ததால், கார் வைக்க இடமில்லாதவர்களும் இந்தத் துறைக்குள் வந்தனர். பெட்டியைத் திறந்து உறுப்புகளை மாற்றி 72 வோல்ட் அடுக்கில் ஓட்டுவது ஒரு தனிக் கலையாக வளர்ந்தது.

இந்த மாற்றத்தின் மையத்தில் இருந்தது மாஸ்ஃபெட். பல கட்டுப்படுத்திகளில் 75 வோல்ட் வகை பொருத்தப்பட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு 100 வோல்ட் தாங்கும் ஐஆர்எஃப்பி4110 வகையைப் பற்றவைப்பது வழக்கமாயிற்று. அதன் இயங்குநிலை மின்தடை அதிக அளவாக 4.5 மில்லிஓம். 150 வோல்ட் தாங்கும் ஐஆர்எஃப்பி4115 வகையின் மின்தடை அதிக அளவாக 11 மில்லிஓம். அதாவது கூடுதல் மின்னழுத்தம் தாங்கும் உறுப்பு, அதே மின்னோட்டத்தில் இருமடங்குக்கும் மேல் சூடாகும். தேவைக்கு மீறிய தாங்குதிறன் உள்ள உறுப்பைப் பொருத்துவதும் பிழையே என்பதை இது உணர்த்தியது.

உறுப்பு வாரியான எல்லைகள்

ஒரு கட்டுப்படுத்தி எத்தனை வோல்ட் தாங்கும் என்பதற்கு ஒரே விடை இல்லை. அதன் உறுப்புகளுள் எது முதலில் தோற்குமோ அதுவே விடை.

மாஸ்ஃபெட். 20 லித்தியம் கலங்கள் முழு மின்னேற்றத்தில் 84 வோல்ட் தரும். 100 வோல்ட் மாஸ்ஃபெட்டுக்கு 16 வோல்ட் மிச்சம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் கம்பியிலும் சுற்றுப்பலகையிலும் உள்ள சிறு மின்தூண்டல், மின்னோட்டம் திடீரென நிற்கும்போது கூடுதல் மின்னழுத்தத் துடிப்பை உண்டாக்குகிறது. 20 நானோஹென்றி மின்தூண்டலில் 200 ஆம்பியர் 100 நானோவினாடியில் நின்றால் எழும் துடிப்பு 40 வோல்ட். 48 வோல்ட் அடுக்கில் மொத்தம் 88 வோல்ட், தாங்கும். 84 வோல்ட்டில் மொத்தம் 124 வோல்ட், தாங்காது. பேட்டரிக் கம்பிகளைக் குட்டையாக்கி அருகருகே செலுத்துவதும், மின்தேக்கிகளை மாஸ்ஃபெட்டுகளுக்கு மிக அருகில் வைப்பதும் இதனால் முக்கியமாயின.

மின்தேக்கி. 48 வோல்ட் கட்டுப்படுத்திகள் பலவற்றில் 63 வோல்ட் மின்தேக்கிகள் உள்ளன. நான்கு 12 வோல்ட் பேட்டரிகள் மின்னேற்றத்தில் 57.6 வோல்ட்டை அடையும்போது அவை போதும். ஐந்தாவதைச் சேர்த்தால் 72 வோல்ட் ஆகி, மின்தேக்கி உப்பி வெடிக்கும்.

உள் மின்வழங்கி. கட்டுப்படுத்தியின் மூளைக்கு வேண்டிய 12 அல்லது 15 வோல்ட்டை அடுக்கிலிருந்தே எடுக்கும் சுற்றில் பெரும்பாலும் எல்எம்317 போன்ற நேரியல் சீராக்கி இருக்கும். அதன் உள்வரவுக்கும் வெளியீட்டுக்கும் இடையே 40 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. மேலும் 50 மில்லிஆம்பியர் எடுக்கும் சுற்று, 36 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்க 1.2 வாட்டையும், 84 வோல்ட்டிலிருந்து இறங்க 3.6 வாட்டையும் வெப்பமாக்குகிறது. முன்னால் உள்ள இறக்குமின்தடையைப் பெரிதாக்கி மாற்றாதவர்களின் கட்டுப்படுத்திகள், மாஸ்ஃபெட் நன்றாக இருக்கும்போதே செயலிழந்தன.

குறைமின்னழுத்தத் துண்டிப்பு. 36 வோல்ட் கட்டுப்படுத்தி ஏறத்தாழ 31.5 வோல்ட்டிலும், 48 வோல்ட் கட்டுப்படுத்தி 42 வோல்ட்டிலும் நின்றுவிடும். உயர்ந்த அடுக்கை இணைத்தபின் இந்த அளவை மாற்றாவிட்டால் பேட்டரிக்குக் காவலே இல்லை. லித்தியம் கலங்கள் மீளமுடியாத அளவுக்கு வடிந்துவிடும்.

மின்னோட்ட உணரி. மோட்டாருக்குள் மின்னோட்டம் ஏறும் வீதம், மின்னழுத்தத்தை மின்தூண்டலால் வகுத்தால் வருவது. 100 மைக்ரோஹென்றி மோட்டாரில் 48 வோல்ட்டுக்கு மைக்ரோவினாடிக்கு 0.48 ஆம்பியர், 96 வோல்ட்டுக்கு 0.96 ஆம்பியர். மின்னோட்ட வரம்பைக் காக்கும் சுற்று பழைய வீதத்துக்கு ஏற்ற வேகமே கொண்டிருந்தால், அது விழித்துக்கொள்வதற்குள் மின்னோட்டம் எல்லை மீறிவிடும். குறைந்த மின்தூண்டல் உள்ள மோட்டார்களில் காரணம் தெரியாமல் எரிந்ததாகக் கருதப்பட்ட கட்டுப்படுத்திகளுக்கு இது ஒரு விளக்கம்.

முன்னேற்றம். பேட்டரியை இணைக்கும் கணத்தில் வெறுமையாக உள்ள மின்தேக்கிகள் பெரும் மின்னோட்டத்தை இழுத்துத் தீப்பொறி எழுப்பும். மின்தேக்கியில் சேரும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடி என்பதால், 42 வோல்ட்டில் அலட்சியப்படுத்திய பொறி 84 வோல்ட்டில் நான்கு மடங்காகி இணைப்பி முனைகளைத் தின்னும். ஒரு மின்தடை வழியாக முதலில் மெதுவாக நிரப்பி, பிறகு முழு இணைப்பைத் தரும் முன்னேற்றச் சுற்று இதற்கான தீர்வு.

பாதுகாப்பு

ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 100-ஆம் ஒழுங்குமுறை, மின்வண்டிகளில் 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தத்தை உயர்மின்னழுத்தமாகக் கொள்கிறது. 48 வோல்ட் மிதிவண்டியை 72 வோல்ட்டாக்குபவர் இந்தக் கோட்டைக் கடக்கிறார். அதுவரை வெறுங்கையால் தொட்டுப் பழகிய முனைகளை அப்படித் தொட முடியாது. காரில் 144 வோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள அடுக்குகள் உயிரைப் பறிக்க வல்லவை. இதனால் அடுக்கை வண்டியின் உடற்கூட்டிலிருந்து மின்னியல் முறையில் பிரித்து வைப்பதும், வேலை செய்யும்போது நடுவில் துண்டித்துச் சிறு பகுதிகளாக்குவதும் ஆர்வலர்களின் விதிகளாயின.

இதைவிடக் குறைவாக உணரப்பட்ட ஆபத்து, கட்டுப்படுத்தி பழுதாகும் விதம். மாஸ்ஃபெட் எரியும்போது பெரும்பாலும் திறந்த நிலையில் இல்லாமல் குறுக்குச்சுற்றாகவே நின்றுவிடும். பிரஷ் மோட்டார் வண்டியில் இதன் பொருள், ஓட்டுநர் கால் எடுத்த பின்னும் முழு மின்னழுத்தம் மோட்டாருக்குச் செல்கிறது என்பதே. அப்போது காப்பவை காண்டாக்டரும் உருகியும் மட்டுமே. அவை பழைய மின்னழுத்தத்துக்கு உரியவையாக இருந்தால், புதிய மின்னழுத்தத்தின் வில்லை அணைக்க இயலாமல் அவையும் தோற்கும். 32 வோல்ட்டுக்குக் குறிக்கப்பட்ட கார் உருகியை 144 வோல்ட் சுற்றில் வைத்தால், உருகிய பின்னும் அதன் வழியே வில் நீடிக்கும். தொடர்ச்சுற்று மோட்டாருக்கு இன்னொரு குணமும் உண்டு: சுமை இல்லாமல் முழு மின்னழுத்தம் கிடைத்தால் வேகம் ஏறிக்கொண்டே போய்ச் சிதறிவிடும். பிரஷ் இல்லா மூன்றுகட்ட மோட்டாரில் நிலைமை மாறுகிறது. ஒரு மாஸ்ஃபெட் குறுக்குச்சுற்றானால் வண்டி பாய்வதில்லை. மோட்டார் தடையாகி இறுகிவிடும். ஓடும் மிதிவண்டியில் அதுவும் விழச் செய்யும்.

ஆகவே அனுபவமுள்ள ஆர்வலர்கள் மின்னழுத்தத்தை உயர்த்தும்போது கட்டுப்படுத்தியைத் தொடும் முன்பே உருகி, காண்டாக்டர், அவசரத் துண்டிப்பு ஆகிய மூன்றையும் மாற்றினர்.

சட்ட எல்லைகளும் உண்டு. 2019-இல் நடைமுறைக்கு வந்த சீனத் தேசியத் தரம் மின்மிதிவண்டிக்கு 48 வோல்ட், 400 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என வரம்பிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், 25 கிலோமீட்டர் என்பது வரம்பு. 72 வோல்ட்டில் மாற்றப்பட்ட வண்டி பல நாடுகளில் மிதிவண்டி என்ற தகுதியை இழக்கிறது. அதன் நிறுத்திகளும் சட்டகமும் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டவையும் அல்ல.

தொழிற்சாலை உறுப்புகளுக்கு மாற்றம்

2010களில் இந்தத் துறையின் திசை மாறியது. டொயோட்டா பிரியஸின் இரண்டாம் தலைமுறை, 201.6 வோல்ட் அடுக்கிலிருந்து 500 வோல்ட் வரை உயர்த்தும் மாற்றியுடன் 2003-இல் வந்திருந்தது. 2010-இல் வந்த நிசான் லீஃப் காரின் அடுக்கில் 96 கலவரிசைகள் தொடராக உள்ளன. விபத்தில் சிதைந்த இத்தகைய கார்களின் மாற்றிகளும் மோட்டார்களும் கலங்களும் பழைய இரும்புக் கடைகளுக்கு மலிவாக வந்து சேர்ந்தன. ஆர்வலர்கள் அவற்றின் திறன் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, கட்டுப்பாட்டுப் பலகையை மட்டும் திறந்த மூல வடிவமைப்பால் மாற்றினர்.

இதன்பின் 144 வோல்ட் கட்டுப்படுத்தியை 200 வோல்ட்டுக்கு நீட்டிப் பார்க்கும் தேவை கார்களில் பெரும்பாலும் மறைந்தது. தொடக்கத்திலேயே நூற்றுக்கணக்கான வோல்ட்டுக்காகச் சோதிக்கப்பட்ட உறுப்புகள் கையில் கிடைத்தன. மின்மிதிவண்டியிலும் 72 வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்ட கட்டுப்படுத்திகள் கடைக்கு வந்துவிட்டன. முந்தைய தலைமுறை எரிந்த பலகைகளிலிருந்து திரட்டிய அறிவு மட்டும் தேவையற்றுப் போகவில்லை. முன்னேற்றச் சுற்று, குட்டையான கம்பிகள், நேர்மின்னோட்டத்துக்கு உரிய உருகி, முழு மின்னேற்ற மின்னழுத்தத்தைக் கொண்டு கணக்கிடுதல் ஆகியவை இன்று வண்டி கட்டும் எவரும் முதல் நாளில் கற்கும் பாடங்களாக உள்ளன.